வலது உள்ளங்கை

நானூற்று முப்பத்தெட்டு.

மாலை ஐந்து மணிக்குச் சென்னியப்பனின் சர்க்கரையைப் பார்த்த கருவியின் சிறு திரையில் அந்த எண் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு நூற்றுத் தொண்ணூற்றாறு.

பதினொரு ஆண்டுகளாக அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. சர்க்கரை திடீரென்று இப்படித் தாவினால் மறுகையிலும் ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

மூன்றாம் படுக்கையில் அலாரம் அடித்தது. அங்கே ஒருவருக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது.

அவள் மறுகையைத் தொடவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை அந்த எண்ணுக்கு என்ன சொன்னதோ அதைச் செய்தாள். பத்து யூனிட் இன்சுலினை நரம்பில் செலுத்தினாள். சொட்டாக இறங்கும் இன்சுலினை மணிக்கு மூன்று யூனிட்டிலிருந்து ஒன்பதாக்கினாள். பிறகு ஓடினாள்.

அட்டவணையில் பிழை இல்லை.

மூன்றாம் படுக்கைக்காரர் பிழைத்துக்கொண்டார்.

ஆறரை மணிக்கு அவள் திரும்பி வந்தபோது சென்னியப்பனின் நெற்றி நனைந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டி, வாயில் குழாயோடு, மயக்க மருந்தில் கிடப்பவர். தலை சுற்றுகிறது என்றோ கை நடுங்குகிறது என்றோ சொல்ல அவருக்கு வழியில்லை.

இடக்கையில் குத்தினாள்.

முப்பத்தொன்று.

குளுக்கோஸ் உடனே ஏறியது. பத்து நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு. எண்கள் சொன்னபடி கேட்கும்.

"அந்த நானூத்தி முப்பத்தெட்டு எப்படி வந்துச்சு, சிஸ்டர்?" என்றார் மருத்துவர்.

அவள் சென்னியப்பனின் வலக்கையைத் தூக்கினாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முகர்ந்தாள்.

வாழைப்பழம். நாட்டுச்சர்க்கரை. ஏலக்காய்.

"மறுபடி குத்திப் பாக்கல, சார்."

நாலு மணிப் பார்வை நேரம் அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி வேலாத்தாளின் குரல்.

"இருவது வருசமா எனக்குத் தெரியாம திருடித் திருடித் தின்னீங்கல்ல? இன்னிக்கு நானே கொண்டாந்திருக்கறனுங். வாங்கிக்குங்க."

வாயில் குழாய் இருப்பவருக்கு எதைக் கொடுத்துவிட முடியும் என்று செவிலி அப்போது நினைத்தாள். சிரிக்கவும் செய்தாள்.

குத்துமுன் விரலை ஸ்பிரிட்டால் துடைத்தது உண்மை. பஞ்சாமிர்தம் ஸ்பிரிட்டுக்குப் போகாது. தண்ணீருக்குப் போகும். இரத்தத்தில் இல்லாத சர்க்கரையை விரலிலிருந்து எடுத்துக் கருவி காட்டியது. இன்சுலினோ இரத்தத்துக்குள் போயிற்று.

மறுகையில் குத்திப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

வீட்டில் கை கழுவும்போது குழாயை மூட மறந்து நின்றாள். கணவர் வந்து மூடினார்.  

மறுநாள் நாலு மணி.

மயக்க மருந்தை நிறுத்தி இருபது மணி நேரம் ஆகியிருந்தது. சென்னியப்பன் கண் திறக்கவில்லை. நடந்ததைப் பற்றியும் சர்க்கரை இல்லாமல் கிடந்த மூளையைப் பற்றியும் ஐந்து மணிக்குத் தாமே வீட்டாரிடம் பேசுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

வேலாத்தாள் இடுப்பில் செருகியிருந்த சிறு டப்பாவை எடுத்தாள். செவிலி வருவதைக் கண்டதும் அவள் கை நின்றது.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பழனிப் பஞ்சாமிர்தமுங். வாயில கொழா இருக்குதுங்களே, அதனால நேத்து கையில வெச்சுட்டனுங். அதுல சர்க்கரை ஏறிப்போச்சுங்களா?"

"இல்லம்மா. ஏறல."

அது உண்மை. ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. 

வேலாத்தாளின் முகம் தெளிந்தது. ஒரு துளியைத் தொட்டுக் கணவரின் வலது உள்ளங்கையில் வைத்தாள். காத்திருந்தாள்.

இன்னொரு துளியும் வைத்தாள்.

"நேத்து வெச்ச ஒடனே வெரல மடக்கி வாங்கிக்கிட்டாருங்" என்றாள். "இன்னிக்கு வாங்க மாட்டேங்கறாரு. என்ன ரோசமோ."

செவிலியின் கையில் வெந்நீர்க் கிண்ணம் இருந்தது. துணி நனைந்து தயாராக இருந்தது. ஐந்து மணிச் சோதனைக்கு முன் அந்தக் கையைத் துடைத்தாக வேண்டும்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

சென்னியப்பனின் விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக மடக்கினாள். அவை திரும்ப விரிந்துவிடாதபடி தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.