மதில்மேல் நட்சத்திரம்

பக்கத்து வீட்டு பெனினாவின் கிறிஸ்துமஸ் செடி ஒவ்வொரு டிசம்பரிலும் ரத்தச் சிவப்பாக மாறி, ஆலயத்தின் பீடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எப்சியின் செடியோ பச்சையாகவே நிற்கும். பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. இரவெல்லாம் துளி வெளிச்சமும் படாமல் இருந்தால்தான் அந்த இலை சிவக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது. பெனினாவின் தொட்டி இருந்தது இருட்டு மூலையில். இந்த வருடம் எப்சி தன் செடியை மாலையானதும் அட்டைப்பெட்டியால் மூடினாள். ஊருக்கு முந்தி, அக்டோபரிலேயே காகித நட்சத்திரம் வாங்கி, மதில்மேல் அந்த மூலையைப் பார்த்துக் கட்டினாள். உள்ளே பெரிய பல்பு. விடியும்வரை அணைக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று பீடத்தில் எப்சியின் செடி சிவந்து நின்றது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் பெனினாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “உன் செடிக்கு என்னம்மா ஆச்சு?” போதகரும் அதையேதான் கேட்டார். பீடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே எப்சி நட்சத்திரத்தைக் கழற்ற ஏணி போட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பெனினா பதறினாள்.

“கழட்டிடாதீங்கக்கா! எஞ்செடிக்கு இந்த வருஷம் என்னமோ சீக்கு. உங்க வெளிச்சம் ஒண்ணுதான் அதுக்குத் தெம்பு.”