மிஞ்சிய வெயில்

அரை நாள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வீட்டுக்குள் பத்துப் பேர் வேலை செய்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் போலும் என்று, கலைந்திருந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விருந்தாளி ஒருவரும் இல்லை. வாஷிங் மெஷின் காலியாகச் சுழன்றுகொண்டிருந்தது. மிக்சி வெறும் தண்ணீரை அரைத்துக்கொண்டிருந்தது. ஏசி பதினாறில் ஓட, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த துண்டையே மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் கணவர்.

"என்னங்க, ஆபீஸ் போகலையா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. அந்த வெந்நீர் ஹீட்டரைப் போடு."

"வெளியில தீயாக் கொளுத்துது. வெந்நீர் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை. போடுன்னா போடேன்."

போட்டாள்.

கணவர் தணிக்கையாளர். ஊரார் கணக்கில் குறை காண்பது அவருக்குத் தொழில். பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரிடம் குறை காண்பது பொழுதுபோக்கு. மருத்துவர் தம் மொட்டைமாடியில் சோலார் பேனல் பொருத்திய நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரைவிட இரண்டு பேனல் கூடுதலாகத் தம் மாடியில் ஏற்றிய பிறகே பசி என்பது என்னவென்று நினைவுக்கு வந்தது.

அந்த நிம்மதியை நேற்று மெக்கானிக் கெடுத்துவிட்டுப் போனார். இரண்டு வீட்டுக்கும் பேனல் பொருத்தியவர் அவரே. இணைப்பைச் சரிபார்க்க வந்தவர், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"பகல்ல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. மிஞ்சுற கரண்டு லைனுக்குப் போயிடும் சார். லைன்ல உங்களுக்கு அடுத்தது டாக்டர் வீடு. கரண்டும் தண்ணி மாதிரிதான், கிட்டத்துல எங்க பள்ளம் இருக்கோ அங்கதான் முதல்ல பாயும்."

அதைச் சொல்லிவிட்டு மெக்கானிக் நன்றாகத் தூங்கியிருப்பார். தணிக்கையாளர் தூங்கவில்லை.

"அதுக்கா லீவு போட்டீங்க?" என்றாள், விஷயத்தைக் கேட்ட மனைவி. "வெளிய போறதை நம்ம கணக்குல கழிச்சுத்தானே விடறாங்க? நமக்கு என்ன நஷ்டம்?"

"கணக்கு வேற. அனுபவிக்கிறது யாரு? என் மாடியில விழுற வெயில்ல அவன் ஏசி போட்டுக்கிட்டுக் கால் நீட்டிப் படுப்பான், நான் ஆபீஸ்ல உக்காந்து வேர்த்துக் கொட்டணுமா?"

"எச்சில் கையால காக்கா ஓட்டாதவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். வெயிலைப் பொத்தி வைக்கிறவரை இப்பதான் பாக்கறேன்."

"அங்க பாரு." அவர் ஜன்னல் வழியே இஸ்திரிப் பெட்டியாலேயே சுட்டிக்காட்டினார். மருத்துவர் வீட்டில் எல்லா ஜன்னல்களும் இறுகச் சாத்தியிருந்தன. "காலையிலேருந்து ஒரு கதவு திறக்கலை. குளிர் வெளிய போயிடுமாம். அவ்வளவும் நம்ம குளிரு."

"அவங்க வீட்ல இப்ப—"

"அவங்க பேச்சை எடுக்காதே. வா, ஒண்ணு காட்டறேன்."

அவளை வாசல் பக்கம் அழைத்துப் போனார். மதிற்சுவரை ஒட்டிய மீட்டரில் சிறிய அம்புக்குறி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில், பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவந்த களை வந்துவிட்டது.

"காலையிலேருந்து இந்த அம்பு வெளிய பாத்துக்கிட்டு இருந்துச்சு. எதைப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. நீ ஹீட்டரைப் போட்டே பாரு, உள்ள திரும்பிடுச்சு. இனிமே ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகாது."

"சரி, வெளிய போகலை. உள்ள வருதே, அது எங்கேருந்து வருது?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. பல் மருத்துவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். பின்னாலிருந்து இரண்டு பெரிய பெட்டிகள் இறங்கின.

"ஊர்லேருந்து வர்றீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் தணிக்கையாளரின் மனைவி. கேட்டுவிட்டுக் கணவரைப் பார்க்காமல் இருந்தாள்.

"ஆமாம்மா, ஒரு வாரம் ஆச்சு. ஃப்ரிட்ஜைக்கூடக் காலி பண்ணி அணைச்சுட்டுத்தான் போனோம்." மருத்துவர் பூட்டைத் திறந்தபடி சிரித்தார். அவர் சிரித்தாலே தொழில் விளம்பரம் போலிருக்கும். "மாடியில பேனல் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அவ்வளவு கரண்டும் யாருக்கும் ஆகாமப் போகுதேன்னு இவ வழியெல்லாம் ஒரே புலம்பல்."

தணிக்கையாளர் மப்ளரை அவிழ்த்தார். உள்ளே வாஷிங் மெஷின் அடுத்த சுற்றைத் தொடங்கியது. மிக்சியின் இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. மருத்துவர் காது கொடுத்துக் கேட்டார். மதிலுக்கு மேலாக எட்டி, மீட்டரின் அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு, மனம் குளிர்ந்தவராய் மனைவி பக்கம் திரும்பினார்.

"வீணாப் போகலைம்மா, நம்ம சாருக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு."