ஒரு வாய் குறைந்த பன்

என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். பன்னைக்கூட அம்மாதான் பிய்த்துத் தர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தாடை ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதி வாங்காமல் நகர்வதில்லை என்று அரசுப் பல் மருத்துவரின் அறையில் மறுபடி உட்கார்ந்தேன்.

மேஜைமேல் போன முறை எடுத்த என் பற்களின் பிளாஸ்டர் அச்சு இருந்தது. அதன் பக்கத்தில் என் பன்னை வைத்துவிட்டு எக்ஸ்ரேக்குப் போய் வந்தேன். பன்னில் ஒரு வாய் குறைந்திருந்தது.

"நல்லாத்தானே கடிச்சிருக்கே தம்பி. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார் டாக்டர்.

"நான் கடிக்கல டாக்டர். அதுதான்." அச்சின் முன்பல்லில் பன் துணுக்கு ஒட்டியிருந்தது.

"காதுல பூ சுத்தாதே."

"என் வாயில விரல வைங்க."

வைத்தார். முழு பலத்தோடு கடித்தேன். எச்சில்தான் பட்டது.

"இப்ப அதோட வாயில வைங்க."

சிரித்துக்கொண்டே வைத்தார்.

சீட்டு உடனே கிடைத்தது. கையெழுத்துதான் கொஞ்சம் கோணல். வலது கையை அது விடாததால் இடது கையால் போட்டார்.