நடுவில் இறங்கும் சிவப்பு உருண்டை

சலவைக்கடை மூலையில் ஒரு பழைய வீடியோ கேம். இயந்திரத்தில் துணி துவைத்து முடியும்வரை கணவனும் மனைவியும் தோளுரச நின்று விளையாடுகிறார்கள். நட்சத்திரங்கள் திரையின் மேலிருந்து கீழே ஓடுகின்றன. குண்டுகளைக் கூட்டித்தரும் சிவப்பு உருண்டை அவள் பக்கமே இறங்கினாலும் அவன் விண்கலம் பாய்ந்து கவ்விக்கொள்கிறது. அவன் கலம் ஐந்து வரிசையாக நெருப்பைக் கொட்டுகிறது. அவளுடையது இன்னும் ஒற்றைக் கோடாகவே சுடுகிறது. "எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கறீங்க," என்கிறாள் அவள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "பரவால்ல, பழகிடுச்சு." குரலில் கோபமே இல்லை. அவனுக்குக் காது மடல் சுடுகிறது. அடுத்த உருண்டை அவள் கலத்துக்கு நேர்மேலே மெதுவாக இறங்குகிறது. அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் கைப்பிடியை விட்டுவிடுகிறான். அவளோ வழக்கம்போல் அவனுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்குகிறாள். உருண்டை இருவருக்கும் நடுவே நழுவி, திரையின் அடியில் போய் மறைகிறது.