அவர் ஓட்டுகிற கார்

ஐயா,

நேற்று தொப்பூர் இறக்கத்தில் முன்சீட்டில் நானும் பின்சீட்டில் மகள் செவ்வந்தியும் இருந்தோம். ஓட்டுநர் சீட்டில் யாருமில்லை. இறந்துபோன என் கணவர் குணசீலனின் ஓட்டும் பழக்கத்தைத் தானாக ஓடும் எங்கள் காரில் ஏற்றித் தந்தது நீங்கள்தான்.

உயிரோடிருந்தவரை அவர் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற வீட்டுவண்டியைப் பூட்டி இழுத்ததில்லை. அவரைப் போலவே கார் லாரியை முந்தித் தொண்ணூறைத் தொட்டது. நேற்று பூட்டியிருந்த கேரவன் இப்படியும் அப்படியும் வீசியாடியதும், அடிக்கவே கூடாத அந்த நேரத்தில் அவரைப் போலவே சட்டென்று பிரேக் அடித்தது. கேரவன் எங்களையும் இழுத்துக்கொண்டு தடுப்புச்சுவரில் உரசி நின்றது.

"மெதுவாப் போங்கன்னு கத்தினேனே, கேட்டாரா?" என்றேன்.

"என்னிக்குக் கேட்டாரு?" என்ற செவ்வந்தி, இந்தக் கடிதம் எதற்கென்று தெரிந்ததும் அழுதாள். "அப்பாவ அழிக்கச் சொல்றியாம்மா?"

"எனக்கு நீ வேணும்டி."

அவர் பழக்கத்தை முழுவதும் நீக்கிவிடுங்கள். மனம் மாறுவதற்குள் உறையை ஒட்டி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கு. அம்சவேணி