கடல் பக்க விளிம்பு

அக்டோபர் வெயிலில் கீழே வெகு ஆழத்தில், மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டின் நீர் தகரம்போல மின்னுகிறது. மலைவிளிம்பில் இருக்கும் இந்தப் பாறையில்தான் நானும் என் கணவர் ஹால்வரும் எல்லாப் பருவத்திலும் வந்து காபி குடிக்கிறோம். பாறையின் குறுக்கே ஓடும் பிளவில் பனிக்காலத்தில் விரல்கூட நுழையவில்லை. அது விரிகிறதா என்று பார்க்க, ஏப்ரலில் அவர் அதில் ஒரு மர ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். ஜூலையில் அது தொட்டாலே ஆடியது. இன்று ஆப்பைக் காணோம். நாய் தாண்ட மறுத்து, இப்பால் நிற்கும் என் காலோடு ஒட்டிக்கொண்டு முனகுகிறது.

“ஹால்வர், காபியை இங்க எடுத்துட்டு வந்துடுங்க.”

“அங்க உட்கார்ந்தா கடல் தெரியாதே! ஆப்பை எலி தின்னிருக்கும், போடி.”

அப்பால் உட்கார்ந்திருக்கும் அவர், வழக்கமான இடத்தில் கோப்பையை வைத்து ஊற்றுகிறார். கோப்பையில் என் பக்க விளிம்பைக் காபி தொட இன்னும் ஒரு விரல் பாக்கி. கடல் பக்கம் காபி வழிகிறது.