மசூரின் முகம்

மசூர் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துவிட்டான்.

பின்பக்கம் திருப்பினால் போச்சு. அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே கீறிய படம் கொழும்புக் கான்வஸில். இப்போது அவன் கையில் இருப்பது நான் தறியில் நெய்த துணி.

நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். மூன்று தலாக்கும் சொல்லிவிட்டுப் போனவன் முன்னால் வேறு எப்படி நிற்பதாம்?

சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன வருசம்தான் அவனும் போனான். கொழும்பில் ஒருத்தி. புதுக் கூரையை நான் தறியடித்த காசில் போட்டேன்.

கட்டின நாள் தொட்டு அவனுடைய பிரஷ்களைக் கழுவினவள் நான். சாயம் குழைத்துக் கொடுத்தவளும் நான். ஒருநாள் ஆசையில் நானும் ஒரு முகம் கீறிக் காட்டினேன். வந்திருந்த ஆக்களுக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொம்புளட கைக்கு ஆணம் காய்ச்ச வரும். முகம் கீற வராது."

அந்தச் சிரிப்பை மறப்பேனா?

அவன் போன பிறகு வீட்டில் மிஞ்சியது சுவரில் தொங்கிய அவன் முகம் மட்டும்தான். அதையே வாத்தியாராக்கினேன். அதன் மேல் தறி நூலால் கட்டம் கட்டி, கட்டம் கட்டமாகப் பார்த்துக் கீறினேன். முதல் முகம் ஆடு மாதிரி வந்தது. அடுத்தது குளவி கொட்டியது போல வீங்கி வந்தது.

முகம் கீறி வைத்த வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள், கழுத்தில் ஒரு கோடு போட்டால் தலை வெட்டுப்பட்ட கணக்கு, குற்றமில்லை என்று உம்மா சொல்லுவா. பிழையாக வந்த முகங்களின் கழுத்திலெல்லாம் சிவப்புக் கோடு இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனசு குளிர்ந்துதான் போனது.

கடைசியில் ஒன்று அச்சு அசலாக வந்தது. அதற்கு மட்டும் கோடு போடவில்லை. அடுப்புப் புகையில் தொங்கவிட்டுப் பழசாக்கி, அவனுடைய சட்டத்திலேயே பூட்டி மாட்டினேன். என்றைக்காவது கேட்டு வருவான் என்று தெரியும். தன் முகத்தை விட்டுவிட்டு இருக்கிற ஆளா அவன்?

வந்துவிட்டான். கொழும்பில் கண்காட்சியாம்.

படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தான். மூக்கோரத்தை விரலால் தடவினான். விரல் சட்டத்தின் விளிம்புக்குப் போனது. யா அல்லாஹ், திருப்பப் போகிறான்.

திருப்பவில்லை. அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே!

"இப்பிடி ஒரு முகம் இனி எனக்கே கீற ஏலா, புள்ள."

புள்ளையாம், புள்ள! பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன்.

மழை தூறத் தொடங்கியது. என் படத்தைச் சட்டைக்குள் மறைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முற்றத்துக் கோழிக்கூட்டைத் தாண்டி ஓடினான்.

கூட்டுக்கு மேல் மழை சடசடவென்று விழுந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்காது. எண்ணெய்ச் சாயம் பூசிய கொழும்புக் கான்வஸ் அல்லவா! கோழிகள் அண்ணாந்து பார்க்கட்டும் என்று முகத்தைக் கீழே வைத்து ஆணியடித்திருக்கிறேன்.

கழுத்தில் கோடும் போட்டிருக்கிறேன். கோழிக்கூட்டுக்கும் மலக்குமார் வரவேணும்தானே.